மேஜர் திறந்த முகத்துவாரம்

போன மாதம் ஓர் அலுவலாகப் பழைய நீர்ப்பாசன அலுவலகத்துக்கு, எங்கள் வாயில் கந்தோருக்கு, போயிருந்தேன். நான் ஓய்வு பெற்றபின் வேலைக்கு வந்த பிள்ளைகள்தான் இப்போது அங்கே இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். உட்காரவைத்துத் தேநீர் வாங்கித் தந்தார்கள். ஒருவர் கைத்தொலைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு பெரிய நாட்டின் படை, சண்டை நடக்கிற இன்னொரு நாட்டுக்குள் அமைதியை நிலைநாட்டுவதற்காக இறங்குகிறதாம்.

"இனி அந்தச் சனத்துக்கு நிம்மதி சேர். ரெண்டு கிழமையில எல்லாத்தையும் சரிப்படுத்திப்போட்டு இவங்க போயிருவாங்க" என்றார்.

நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மரியாதை கெட்ட வேலைதான். வயது போகப் போக எனக்குக் கோபம் கூடுகிறதே தவிரக் குறைவதாக இல்லை. அந்தப் பிள்ளை பிறகு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "நான் என்ன பிழையாச் சொல்லிற்றன் சேர்?" என்று கேட்டார். பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னோம். மாலையும் கையுமாகத் தெருவில் நின்று சொன்னோம்.

நான் அந்தக் கந்தோரில் வேலை மேற்பார்வையாளனாக இருந்தவன். ஊரில் ஓவசியர் என்பார்கள். பயிற்சிக்காலம், இடமாற்றங்கள், குளக்கட்டுகளில் வெயிலில் நின்ற வருடங்கள் இவற்றையெல்லாம் எழுதினால் எனக்கே தூக்கம் வரும். நான் உருப்படியாகக் கற்ற வேலை ஒன்றுதான். அது முகத்துவாரம் வெட்டுவது.

மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். அது கடலில் விழும் வாயைக் கோடையில் கடலே மணலைக் கொண்டுவந்து அடைத்துவிடும். மாரியில் மேற்கிலிருந்து வெள்ளம் இறங்கும்போது அந்த மணல் திட்டை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் சித்தாண்டிப் பக்கத்து வட்டைகளில் வேளாண்மை தண்ணீருக்குள் கிடந்து அழுகும். வட்டை என்பது வயல்வெளி. அவசரப்பட்டு வெட்டினாலோ ஆற்றில் வளர்ந்துகொண்டிருக்கும் இறால் குஞ்சு முற்றாமல் கடலுக்குப் போய்விடும், மீன்பிடிக்கிறவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே எந்த நாளில் வெட்டினாலும் யாரோ ஒருவருக்கு நட்டம். இதில் எல்லோருக்கும் நல்ல நாள் என்று ஒன்று கிடையாது.

எங்கள் பொறியியலாளர் அருமைநாயகம் ஐயா இதை நன்றாக விளங்கிக்கொண்டவர். மெதடிஸ்தக் குடும்பம், மெலிந்த தேகம், வெள்ளைக் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு மணலில் நடப்பார். பாலத்தடியில் உள்ள அளவுப் பலகையில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் இரண்டு தரப்பாருக்கும் ஆள் அனுப்புவார். கூட்டம் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் அல்ல, மணல் திட்டிலேயே நடக்கும். விவசாயிகள் பக்கம் வட்டை விதானை வருவார். வயல்காரர்கள் சேர்ந்து தெரிவுசெய்யும் தலைவர் அவர். மீனவர் பக்கம் அவர்களுடைய சங்கத் தலைவர் வருவார். ஐயா கவிழ்த்துப் போட்ட தோணி ஒன்றில் உட்கார்ந்துகொண்டு முதலில் விதானையிடம் கேட்பார், "இண்டைக்கு வெட்டினா மீன்காரருக்கு என்ன நட்டம்? நீங்க சொல்லுங்க." பிறகு மீனவர் தலைவரிடம், "வெட்டாம விட்டா வயல்காரருக்கு என்ன நட்டம்? நீங்க சொல்லுங்க." தன் நட்டத்தைச் சொல்ல ஒருவரையும் விடமாட்டார். மற்றவனுடைய நட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். சில வேளை பேச்சு நாட்கணக்கில் இழுபடும். நான் வேலைக்குப் போன புதிதில் இந்த மனுசனுக்கு வேறு வேலை இல்லையா என்று எரிச்சல்பட்டிருக்கிறேன்.

கடைசியில் இரண்டு பேரும் தங்கள் வாயால் "வெட்டுவம்" என்று சொல்ல வேண்டும். அதன்பிறகு ஒரே மண்வெட்டிப் பிடியை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து முதல் வெட்டைப் போட வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஐயாவுக்கு முன்னமே இருந்த வழக்கம், அவர் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். சேர்ந்து வெட்டினால் நாளைக்கு ஒருவன் மற்றவனை ஏச முடியாது. நட்டம் வந்தாலும் பழி பாதிப்பாதியாகப் போய்விடும்.

அதன்பிறகு எங்கள் ஆட்கள் கடல் பக்கமிருந்து ஒடுக்கமாக, சற்றுச் சாய்வாக வெட்டிக்கொண்டு வருவார்கள். ஆற்றுப் பக்கம் ஒரு சின்ன வரம்பை விட்டுவைப்போம். கடல் வற்றும் நேரம் பார்த்து அதை உடைப்போம். தண்ணீர் தனக்கு வேண்டிய அகலத்தைத் தானே அரித்து எடுத்துக்கொள்ளும். வெள்ளம் வடிந்து சில வாரங்களில் கடல் திரும்பவும் வாயை மூடிவிடும். அகலமாகவும் நேராகவும் வெட்டினால் மூடாது. இதுதான் முழு வித்தை.

எண்பதுகளின் பிற்பகுதியில் பக்கத்து நாட்டின் படை அமைதி காக்க வந்து இறங்கியது. அவர்களுக்கும் ஆயுதம் தூக்கிய எங்கள் இயக்கப் பெடியன்களுக்கும் சண்டை மூண்ட கதை எல்லோருக்கும் தெரிந்தது. அதை நான் எழுதப் போவதில்லை. அந்தப் படையின் முகாம் ஒன்று முகத்துவாரத்துக்குக் கிட்ட இருந்தது. அதற்குப் பொறுப்பாக ஒரு மேஜர் இருந்தார். கெட்ட மனிதர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையை நான் இலகுவாகச் சொல்லிவிடுவேன். முகாமில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பித்தார், சோதனைச் சாவடியில் பெண்களைக் காக்கவைக்கக் கூடாது என்று சிப்பாய்களை ஏசினார். எங்கள் ஐயாவோடு ஆங்கிலத்தில் கிரிக்கெட் பற்றிக் கதைப்பார்.

அந்த வருடம் மாரி பிந்தி வந்து ஒரேயடியாகக் கொட்டியது. சித்தாண்டியில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிச் சனம் பள்ளிக்கூடத்தில் கிடந்தது. அங்கத்தைய வட்டை விதானை நல்லதம்பி தோணியிலும் நடையிலுமாகக் கந்தோருக்கு வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். இளையது கைக்குழந்தை. இடுப்பில் நனைந்த சாரத்தைப் பிழிந்துகொண்டே, "ஐயா, வேளாண்மை போனாப் போகட்டும், புள்ள குட்டியள் தண்ணிக்க கிடக்கு. கெதியா ஒரு முடிவு எடுங்க" என்றார். ஐயா மீனவர் தலைவர் பிலிப்புவுக்கு உடனே ஆள் அனுப்பினார். பிலிப்பு அண்ணனின் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆற்றைக் கடக்கத் தடை போட்டிருந்ததால் போன ஆளைச் சாவடியில் மறித்துவிட்டார்கள். மறித்தது இந்த மேஜரின் சிப்பாய்களேதான்.

அடுத்த நாள் காலை மேஜர் கந்தோருக்குள் வந்தார். உலங்குவானூர்தியில் பறந்து வெள்ளத்தைப் பார்த்திருக்கிறார். "மேலிருந்து பார்த்தால் ஒரு துண்டு மணல்தான் இவ்வளவு தண்ணீரையும் பிடித்துவைத்திருக்கிறது. ஏன் வெட்டாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

ஐயா விளக்கினார். வாடைக்காற்று பலமாக அடிக்கிறது, கடல் ஏறி நிற்கிறது, ஒரு நாள் பொறுக்க வேண்டும். மீனவர் தலைவரும் வர வேண்டும். முதல் வெட்டு வழக்கத்தையும் சொன்னார்.

மேஜர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீங்கள் கூட்டம் வைத்து முடிப்பதற்குள் குழந்தைகள் செத்துவிடும். என்னிடம் இயந்திரம் இருக்கிறது" என்றார்.

"நீங்கள் இங்கே எவ்வளவு காலம் இருப்பீர்கள் மேஜர்?" என்று ஐயா கேட்டார்.

"வேலை முடியும் மட்டும்" என்று மேஜர் சிரித்தார்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் என் பிள்ளை கிடந்திருந்தால் நான் அந்த மேஜரின் கையைப் பிடித்து முத்தமிட்டிருப்பேன். நல்லதம்பியும் அப்படித்தான் நின்றார். அவருக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. ஆனால் யாரோ ஒருவர் வெட்டப் போகிறார் என்பது மட்டும் விளங்கியது. மேஜரோடு வந்திருந்த தமிழ்நாட்டுச் சிப்பாய் ஒருவன், "வாங்க பெரியவரே, ஜீப்ல ஏறுங்க, இடத்தைக் காட்டுங்க" என்றான். அவர் ஏறிவிட்டார். நானும் ஐயாவும் பின்னால் எங்கள் வண்டியில் போனோம்.

மணல் திட்டில் மண் தள்ளும் பெரிய இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. அங்கேதான் மேஜர் அந்தக் காரியத்தைச் செய்தார். ஐயா சொன்ன வழக்கத்தை அவர் மறக்கவில்லை. "உங்கள் மரபை நான் மதிக்கிறேன்" என்று சொல்லி ஒரு மண்வெட்டியைக் கொண்டுவரச் செய்து நல்லதம்பியின் கையில் கொடுத்தார். "முதல் வெட்டு உங்களுடையது."

நல்லதம்பி திரும்பி ஐயாவைப் பார்த்தார். "பிலிப்பு வரல்லையே ஐயா. நான் தனிய எப்பிடி?"

ஐயா மேஜரிடம் போய் மன்றாடினார். ஒரு தோணியில் ஆள் போய்ப் பிலிப்புவைக் கூட்டிவர அரை நாள் போதும், அனுமதி மட்டும் தாருங்கள் என்றார். மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுற்றி நின்ற சிப்பாய்கள் கைதட்டத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அது ஒரு விழா. துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் கைதட்டும்போது ஒரு மனிதன் எவ்வளவு நேரம் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க முடியும்? அவர் வெட்டினார். ஒரு வெட்டுத்தான். மேஜர் அவருடைய தோளில் கைபோட்டார். அக்கரையில் தோணித்துறையில் நின்ற சனம் முழுவதும் அதைப் பார்த்தது.

இயந்திரம் நேராகவும் அகலமாகவும் வெட்டியது. கடலும் ஆறும் மோதிய சத்தம் பாலத்தடிவரை கேட்டதாகச் சொன்னார்கள். சித்தாண்டியில் தண்ணீர் மளமளவென்று வடிந்தது. சனம் வீடு திரும்பியது. பள்ளிக்கூடத்தில் கிடந்த ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை. மேஜர் கந்தோருக்கு இனிப்புப் பெட்டி அனுப்பினார். அதை ஐயா திறக்கவில்லை. கந்தோர்க் காவலாளி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பிறகு வந்ததைக் கேளுங்கள். வெட்டிய வாய் மூடவில்லை. கோடை வந்தும் மூடவில்லை. இறால் எல்லாம் கடலோடு போயிற்று. மீன்காரர் விடிய விடிய வலை வீசிச் சேற்றோடு வந்தார்கள். உப்புத் தண்ணீர் ஆற்றில் மேலே மேலே ஏறிப் பள்ளக் காணிகளில் சிறுபோக நெல் கருகியது. கருகியதில் நல்லதம்பியின் வயலும் ஒன்று. ஆனால் அதை யார் கணக்கில் எடுத்தார்கள்? "விதானை ஆமியக் கூட்டியந்து எங்கட வயித்துல மண்ணள்ளிப் போட்டவன்" என்பதுதான் அக்கரையில் பேச்சு. சந்தையில் அவரை மறித்து ஏசினார்கள். ஓர் இரவு அவர் வீட்டுக்குக் கல் விழுந்தது.

கல் விழுந்தது மேஜரின் காதுக்குப் போயிற்று. தனக்கு உதவியவருக்கு ஆபத்து என்றால் அவர் பார்த்துக்கொண்டிருப்பாரா? இரண்டு சிப்பாய்களை நல்லதம்பியின் வாசல் படலையில் காவலுக்கு நிறுத்தினார். நல்லதம்பி முகாமுக்கு ஓடிப்போய், "எனக்குக் காவல் வேணாம், தயவுபண்ணி எடுங்க" என்று அழுதாராம். பயத்தில் சொல்கிறார் என்று நினைத்து மேஜர் இன்னும் கவனமாகக் காவல் வைத்தார். வயல் கருகிய செய்தி கேட்டு அரிசி மூட்டையும் அனுப்பினார். இராணுவ வண்டியில் வந்து இறங்கிய அரிசியை ஊரே பார்த்தது. வீட்டில் பசி, அவர் மனைவி பாக்கியம் உலை வைத்தாள். அந்த மேஜர் செய்த ஒவ்வொரு நன்மையும் அந்த வீட்டைப் பிடித்த சனியாக முடிந்தது.

பிறகு ஒரு நாள் படைக்குத் திரும்பி வரும்படி கட்டளை. சாமான்களைக் கட்டிக்கொண்டு கப்பலேறிப் போய்விட்டார்கள். போகுமுன் மேஜர் கந்தோருக்கு வந்து ஐயாவின் கையைக் குலுக்கி, "ஒரு ஊரையாவது காப்பாற்றினோம்" என்றார்.

படை போன கையோடு இயக்கப் பெடியன்கள் ஊருக்குள் வந்தார்கள். நல்லதம்பியை விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். பாக்கியம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கந்தோருக்கு வந்து ஐயாவின் மேசைக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஐயா தொப்பியை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு நேரே பிலிப்பு அண்ணனிடம் போனார்.

பிலிப்பு அண்ணன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டபின் சொன்னார், "ஐயா, அவர ஊரெல்லாம் ஏசித் திரிஞ்சவன் நான்தான். பொய் சொல்லமாட்டன். ஆனா ஆளக் கொல்லச் சொல்லி ஏசல்ல. வாங்க போவம்."

ஒரு தென்னந்தோட்டத்து வீட்டில் இயக்கத்துப் பொறுப்பாளன் இருந்தான். இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. கதிரை தந்தான். பிலிப்பு அண்ணன் உட்காரவில்லை.

"தம்பி, மீன்காரருக்குத் தலைவன் நான். நட்டப்பட்டவன் நான். அண்டைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தா நானும் சேந்து பிடிச்சு வெட்டியிருப்பன். புள்ளயள் தண்ணிக்க கிடக்கக்குள்ள இறாலப் பாத்திருப்பனா? தனிய வெட்டிற்றாரு எண்டுதான் எனக்குக் கோவம். அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. நாங்க பேசித் தீத்துக்கொள்ளுறம். மனுசன விடுங்க."

"மீன் கதைய விடுங்க அப்பு" என்றான் அவன். "அவர்ர படலையில ஆமி காவல் நிண்டதா இல்லையா?"

பிலிப்பு அண்ணன் ஐயாவைப் பார்த்தார். "நிண்டதுதான்."

"அவங்கட அரிசி வந்ததா இல்லையா?"

"வந்ததுதான், ஆனா..."

"ஆமி ஆருக்குச் சும்மா காவல் நிப்பான்? சொல்லுங்க." அவன் எழுந்தான். "விசாரிக்கிறம். நீங்க போங்க."

இரண்டு நாள் கழித்துச் சித்தாண்டிச் சந்திக்குக் கிட்டத் தெருவோரத்தில் நல்லதம்பி கிடந்தார். கழுத்தில் ஒரு மட்டை. அதில் எழுதியிருந்த சொல்லை நான் எழுதப் போவதில்லை. செத்தவீட்டுக்குச் சனம் வரப் பயந்தது. பாடை தூக்க ஆள் போதாமல் பிலிப்பு அண்ணனும் ஒரு பக்கம் பிடித்தார். பாக்கியம் பிள்ளைகளோடு கிரானில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஐயா முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு மகளோடு வெளிநாட்டுக்குப் போய் அங்கேயே காலமானார். அதன்பிறகு நானும் எத்தனையோ முறை முகத்துவாரம் வெட்டினேன். யாரும் முதல் வெட்டுக்கு வர விரும்பவில்லை. கந்தோர் வெட்டட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இப்போது பெக்கோ இயந்திரம் வந்து வெட்டுகிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் பேனையை எடுத்திருக்க மாட்டேன். கொரோனாக் காலம் முடிந்து சுற்றுலாக்காரர் திரும்பவும் வரத் தொடங்கிய நேரம், என் வீட்டு வாசலில் ஒரு வான் வந்து நின்றது. வெள்ளைத் தலையோடு, கைத்தடியோடு மேஜர் இறங்கினார். கூட மனைவியும் தமிழ் தெரிந்த ஒரு வழிகாட்டியும். தான் பணி செய்த இடங்களை மனைவிக்குக் காட்டக் கூட்டிவந்திருக்கிறார். கந்தோரில் விசாரித்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறார்.

உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "முதல் வெட்டு வெட்டிய அந்த விவசாயி எப்படி இருக்கிறார்?" அந்தப் போரில் தான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று மனைவிக்கு அடிக்கடி சொல்வாராம்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். தயவு பார்க்கவில்லை. காவலையும் அரிசியையும் தனித்தனியாகச் சொன்னேன். பாக்கியம் கிரானுக்குப் போனதையும் சொன்னேன். அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "அந்த அம்மாவுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும். நேரில் போய்ப் பார்க்கிறேன்" என்றார்.

"வேண்டாம்" என்றேன். "நீங்கள் போகவே வேண்டாம். அதுதான் நீங்கள் செய்யக்கூடிய உதவி."

தலையாட்டினார். விளங்கிக்கொண்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் பாக்கியம் தொலைபேசி எடுத்தாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"அண்ணே, ஆமிக்காரர அனுப்பினது நீங்களா?"

"இல்ல பாக்கியம். போக வேணாமெண்டுதான் சொன்னன்."

"வந்தாரு. வானோட வந்தாரு. வேலியடியெல்லாம் சனம் கூடிற்று. காசுக் கவர் தந்தாரு, நான் வாங்கல்ல. மறுகா பேரப்புள்ளயளக் கூப்பிட்டு, 'உங்க தாத்தா எங்க படைக்கு நல்ல நண்பரா இருந்தவர், அதுக்காக உயிரக் குடுத்த வீரர், நீங்க பெருமப்படணும்' எண்டு அழுதழுது சொன்னாரு. கூட வந்த பொடியன் ஒரு சொல்லும் விடாமத் தமிழில சொன்னான்."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இதுகளுக்கு அப்பப்பா வெள்ளத்தில போயிற்றாரு எண்டுதான் சொல்லி வளத்தன் அண்ணே. மகனும் அப்பிடித்தான் சொல்லிற்றுத் திரிஞ்சவன். ஊருக்கும் மறந்துபோய் இருந்திச்சு. இப்ப சின்னவள் பள்ளிக்கூடத்தால வந்து புத்தகப் பையையும் வைக்காம நிண்டு கேக்காள், 'அப்பம்மா, அப்பப்பா காட்டிக்குடுத்தவரா?' எண்டு."